பன்னிரண்டாவது கிலோமீட்டர்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. மூத்தவர்களுக்கு உண்டான மரியாதையை அது எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. காலையில் கூப்பிட்டவுடன் எழுந்திருக்காது. எழுந்தாலும் கொஞ்ச நேரம் இருமிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். முன் சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். பெட்ரோல் முள் எந்தக் காலத்திலோ செத்துப்போய்விட்டதால் டேங்க் நிறைந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் பாதி என்றே காட்டும். உண்மை தெரிய வேண்டுமென்றால் பின்பக்கம் போய் மூடியைத் திருகித் திறந்து, ஒரு மெல்லிய பிரம்பை உள்ளே விட்டு எடுத்து, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குப் பிரம்பு கையில் கிடைத்தால் விடுவாளா? தேவைக்கு மேலேயே அளந்துகொண்டிருந்தேன்.

அப்பா அந்தக் காரை வாங்கியது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காரை “அது” என்பாள், அவ்வளவுதான். “அது வெயில்ல நிக்குது பாருங்க”, “அதைத் தொடச்சிட்டு வந்து கை கழுவுங்க” என்கிற மாதிரி. அப்பாவுக்கோ அது உயிர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கோலார் தங்க வயலில் கனரக இயந்திரங்கள் செய்கிற ஃபேக்டரியில் என்ஜின் சோதிக்கிற பிரிவில் பெரியவராகியிருந்தார். வீட்டு அறை அளவுக்கு இருக்கும் டீசல் என்ஜின்கள் அவர் காது வைத்துக் கேட்டு, சரி என்று தலையாட்டினால்தான் வாசலைத் தாண்டும். எந்த மூலையில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார் என்று ஃபேக்டரியில் பேசிக்கொள்வார்கள். அப்பாவும் அதை மறுத்ததில்லை.

மறுத்தவர் ஒரே ஒருவர், என் மாமா. அம்மாவுக்கு அண்ணன். மைன்ஸில் கேஜ் என்கிற ஆளேற்றும் கூண்டை இறக்கி ஏற்றுகிற பெரிய இயந்திரத்தை இருபது வருடம் ஓட்டியவர். ஷாஃப்டுக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் ஒருவர் குறையாமல் மேலே கொண்டுவந்தவர். மைன்ஸை மூடிய பிறகு, விடியற்கால ரயிலேறி பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே யாரோ ஒரு சின்னப் பையன் லிஃப்டில் பொத்தானை அழுத்தி மேலே போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது என்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைச் சீண்டுவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த பொழுதுபோக்கு.

“இன்னா மாப்ள, உன் ஃபேக்டரி என்ஜின் மண்ணு தள்ளும். என் என்ஜின் மனுசனை இல்ல தூக்குச்சி?” என்பார். அப்பா டீயை உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் அதிகமாகும்.

கார் முதல் தடவை நின்றது ஆடி மாதத்தில். எங்கள் ஊரில் ஆடிக் காற்று என்றால் தூசி. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய பொடி மண்ணை வருடக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மலை மலையாக எழுப்பியிருந்தார்கள். சைனைட் மேடு என்போம். காற்று அடிக்க ஆரம்பித்ததும் அந்த மேடு கிளம்பி வீடு வீடாக விருந்தாட வரும். சோற்றில், தலையணையில், நோட்டுப் புத்தகத்தில் எங்கும் அதுதான். எல்லா வீட்டிலும் அந்த மாதத்தில் ஓட்டை அடைக்கிற வேலை நடக்கும். ஆனால் என் அம்மா அளவுக்கு அதை ஒரு போராக நடத்தியவர்கள் அந்த ஊரில் கிடையாது. ஜன்னல் இடுக்குகளில் மைதாப் பசை தடவிச் செய்தித்தாள் ஒட்டுவாள். கதவடியில் பழைய புடவையைச் சுருட்டி வைப்பாள். குழாய் வாய்க்குத் துணி, குடத்துக்கு இரட்டை மூடி. ஒருமுறை சாவித் துவாரத்தில் பஞ்சை அடைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சாவியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாசலில் நின்றார்.

முதல் தடவை கார் நின்றதற்குக் காரணம் அந்தத் தூசியேதான். அப்பா கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துப் பிரித்தார். பித்தளையில் குண்டூசித் தலை அளவு ஓர் உறுப்பைத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டையை அடைத்திருந்த தூசியை அம்மாவுக்குக் காட்டினார்.

“பாத்தியா? இத்தினியூண்டு தூசி. இதுக்கே என்ஜின் செத்துப்போச்சு. இந்த ஊர்ல காருக்கு எமன் இன்னான்னா தூசிதான்” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். அப்பா என்ஜினைப் பற்றிப் பேசும்போது அம்மா எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். அன்று கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். இரண்டு கேள்விகள்கூடக் கேட்டாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரத்திலிருந்துதான் காருக்குப் பன்னிரண்டாவது கிலோமீட்டர் வியாதி வந்தது.

ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஊரைத் தாண்டிப் போனால், பத்துப் பதினொன்று வரை சொன்னபடி கேட்கும். பன்னிரண்டை நெருங்கும்போது தயங்கும், இரண்டு தடவை உதறும், அப்புறம் அடங்கிவிடும். நான் இறங்கிப் போய்ப் பெட்ரோலை அளப்பேன். பெட்ரோல் இருக்கும். அப்பா பானெட்டைத் திறந்து எதையாவது கழற்றி மாட்டுவார். சாவியைத் திருப்பினால் கொஞ்சம் அழுதுவிட்டுக் கிளம்பிவிடும். அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கவலையில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அப்பா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஃபேக்டரியில் ஓர் என்ஜின் தகராறு செய்தால் எப்படி விசாரிப்பார்களோ அதே மாதிரி விசாரிக்கப் போவதாக அறிவித்தார். ஒரு நீளமான நோட்டு வாங்கினார். தேதி, மீட்டர் எண், வெயிலா மழையா, எந்த கியர், என்ன செய்தோம், என்ன பலன் என்று கட்டம் போட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. பிரம்பும் நோட்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் ரிப்போர்ட்டில் நான் எழுதினேன்: “மூடியைத் திறந்ததும் கார் பெருமூச்சு விட்டது.”

அப்பா சிவப்பு மையால் அதை அடித்தார். “ரிப்போர்ட்ல கதை எழுதக் கூடாது. வண்டி எங்கேயாச்சும் பெருமூச்சு விடுமா? நடந்தது இன்னாவோ அத மட்டும் எழுதணும்.”

நடந்ததைத்தான் எழுதினேன். மூடியைத் திருகினால் உஸ்ஸென்று ஒரு சத்தம். அடுத்த தடவையும் எழுதினேன், அடுத்த தடவையும் அடித்தார். அதற்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டு, அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டுக்கொண்டேன். அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

காருக்கு இந்த வியாதி வந்ததில் மாமாவுக்கு உண்டான உற்சாகத்தைச் சொல்லி முடியாது. “வண்டிக்கு வயசாச்சு மாப்ள. ஷிஃப்ட் முடிஞ்சா எவனா இருந்தாலும் மேல வந்துதான் ஆவணும். இது பன்னெண்டு கிலோமீட்டர்தான் ஒரு ஷிஃப்டுன்னு நெனைக்குது” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கோலார் டவுன் வரை வந்தார். கார் நின்றதும் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் போர்த்தினார். பிறகு பானெட்டில் விரலை மடக்கி மூன்று தட்டுத் தட்டினார். கேஜில் மனிதர்கள் ஏறிவிட்டார்கள் என்பதற்கு மைன்ஸில் மூன்று மணி அடிப்பார்கள். கார் கிளம்பிவிட்டது. அன்று முழுக்க மாமாவோடு பேச முடியவில்லை. “சூடு மாப்ள, சூடு. ஈரத்துணி போட்டா அடங்கும். இதுக்கு எதுக்கு நோட்டு?” என்றார். அவர் துண்டை நனைக்கப் போன நேரத்தில் நான் வழக்கம்போல மூடியைத் திறந்து பிரம்பை விட்டேன் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. என் கணக்கிலும்தான்.

ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தவர் வேறு வழியில் போனார். “கண்டென்சர் சார். கண்ண மூடிக்கினு மாத்துங்க” என்றார். மாற்றியபின்னும் நின்றது. “அப்போ காயில்தான்” என்றார். அப்புறம் பிளக், அப்புறம் பாயின்ட், அப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் துளி சந்தேகம் இருக்காது. கடைசியில் அந்தக் காரில் பழையது என்று மிஞ்சியிருந்தது பாடியும் ஹாரனும்தான். இருந்தும் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அது நின்றது.

அப்பாவை நிஜமாகவே கலக்கியது இன்னொரு விஷயம். ஒருநாள் கோபத்தில் டேங்க் முட்டப் பெட்ரோல் போட்டார். அன்று எட்டாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டது. வேறொரு நாள் டேங்க் காய்கிற நிலையில் போனோம். பதினெட்டு வரை ஓடியது. அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார். “எந்த வண்டியும் பெட்ரோல் கொறைஞ்சா நிக்கும். இது நெறைஞ்சா நிக்குதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஃபேக்டரி பெரிய அதிகாரிக்கு எங்கள் காரால் ரயில் தவறியது. அவருடைய ஜீப் பழுதாகிவிட, பங்காரப்பேட்டை ஸ்டேஷன் வரை நான் கொண்டுவிடுகிறேன் என்று அப்பா தானாக முன்வந்தார். ஏன் முன்வந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை; முந்தின நாள்தான் பெட்ரோல் பம்பை மாற்றியிருந்தார், அந்தத் தைரியமாக இருக்கலாம். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கார் உதறி நின்றது. அதிகாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிளாட்பாரத்தை அடைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டிதான் தெரிந்ததாம். மறுநாள் எல்லோர் முன்னாலும், “நம்ம என்ஜினுக்கெல்லாம் கையெழுத்துப் போடறது நீங்கதானே?” என்று மட்டும் கேட்டாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது சிரிக்கிற மாதிரி சொன்னார். ஆனால் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

அம்மா அன்றுதான் தீர்ப்புச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டையில் அம்மாவின் பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசம். “போற வழியில நிக்காம போச்சுன்னா அது இருந்துட்டுப் போகட்டும். நின்னுச்சுன்னா, திங்கக்கிழமை வித்துடணும். உங்களப் பாத்து ஊர் சிரிக்கறத என்னால பாத்துக்கினு இருக்க முடியாது” என்றாள். மாமா சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார். அப்பா சரி என்றார். மாமா அதோடு நிற்காமல் பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவை விரலால் தட்டிப் பார்த்து, “தகடு பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நேராகக் காருக்கடியில் படுத்துக்கொண்டார். அவருடைய இரண்டு கால்களோடு மட்டும்தான் நாங்கள் பேச முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். முன்னால் அப்பாவும் மாமாவும். அந்தக் காரில் முன் சீட்டு மாமாவுக்குத்தான்; அம்மாவின் அண்ணன் என்கிற உரிமையில் கதவைத் திறந்து ஏறிவிடுவார். பின்னால் அம்மா, நான், வரிசைத் தட்டு. எட்டு தாண்டியது. பத்து தாண்டியது. மாமா ஷாஃப்டின் பாதி ஆழத்தில் ஏதோ ஒரு லெவலில் மாட்டிக்கொண்ட கேஜ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. பதினொன்று. அப்பாவின் கழுத்து வியர்த்திருந்தது. நான் எல்லா சாமியையும் கும்பிட்டேன். பங்காரப்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு ராகிக் கொல்லை ஓரத்தில், கார் இரண்டு தடவை உதறி நின்றது.

மாமாவின் கேஜ் கதையும் அதோடு நின்றது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தண்ணி கெடைக்குதா பாக்கறேன்” என்று இறங்கி நடந்தார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். காற்றில் மண் பறந்துகொண்டிருந்தது. முந்தானையால் குங்குமத்தையும் பழத்தையும் மூடிக்கொண்டாள்.

அப்பா பானெட்டைத் திறக்கவில்லை. இனி என்ன இருக்கிறது கழற்றுவதற்கு? நான் பிரம்பை எடுக்கப் போனபோது, “இரு” என்றார். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

“ஓரத்துல வட்டம் வட்டமா போட்டுக்கீறியே, இன்னா அது?”

“பெருமூச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார்.

“நீதான் எழுதாதேன்னு அடிச்சிட்ட. அதான் வட்டம் போட்டேன்” என்றேன். “மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னுது.”

“எல்லா வாட்டியுமா?”

“எல்லா வாட்டியும்.”

அப்பா மெதுவாக எழுந்து பின்பக்கம் போனார். ஃபேக்டரியில் என்ஜினுக்கு வைக்கிற மாதிரி காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகினார். உஸ்ஸ் என்றது. நீளமான உஸ்ஸ். அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். என் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினார். மூடியின் நடுவில் ஓரிடத்தில் அதன் முனையை வைத்துக் குத்தினார். உள்ளேயிருந்து மஞ்சளாக, சுருளாக ஒரு துணுக்கு வெளியே வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகவே மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். பால் டின்னில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, இன்னொன்றும் போட வேண்டும், அதே சங்கதிதான். ஓட்டை அடைபட்டால் பெட்ரோல் இருந்தும் வராது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் சீக்கிரமே நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று பாய்ந்து உள்ளே போகும், கார் பிழைத்துக்கொள்ளும். கண்டென்சரும் காயிலும் ஈரத்துண்டும் மூன்று தட்டும் ஒன்றும் செய்யவில்லை. காரை ஒவ்வொரு முறையும் ஓட வைத்தது என் பிரம்பு. இதையெல்லாம் அப்பா பிற்பாடு எனக்குப் படம் போட்டு விளக்கினார். அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. அந்த மஞ்சள் துணுக்கை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பக்கெட் ஒழுகினாலும் குடம் ஒழுகினாலும் துணி துவைக்கிற அந்த மஞ்சள் சோப்பைத் தேய்த்துத்தான் அடைப்பது வழக்கம். அதை விரலால் அமுக்கி, மேலே ஒட்டியதே தெரியாமல் வழித்துவிடுகிற கை ஒரே ஒருத்தருடையது.

“அப்பா! இது அம்மா சோ...”

பெட்ரோல் நாறும் உள்ளங்கையால் அப்பா என் வாயைப் பொத்தினார். பொத்தியபடியே புளியமரத்துப் பக்கம் பார்த்தார். அம்மா தட்டின் மேல் குனிந்து தூசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வெகு நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு அந்தச் சுருளை விரலால் உருட்டி ராகிக் கொல்லைக்குள் சுண்டிவிட்டார்.

மாமா சொட்டச் சொட்ட ஈரத்துண்டோடு வந்தார். கூடவே, தண்ணீர் கொடுத்த டிராக்டர்காரர் ஒருவர், “ஏனாயித்து சார்?” என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மாவும் எழுந்து வந்தாள்.

“கண்டுபுடிச்சிட்டேன் மச்சான்” என்றார் அப்பா. “பெட்ரோல் மூடியில ஒரு ஓட்டை இருக்கும். அதுக்குள்ள தூசி போயிடப் போவுதுன்னு நான்தான் அடச்சி வச்சேன். அப்பாலிக்கா மறந்தே பூட்டேன்.”

மாமா துண்டைக் கீழே போட்டுவிட்டார். “நீயா?”

“நான்தான்.”

“என்ஜினுக்குக் காது வச்சிப் பாக்கறவன், சொந்த வண்டி மூக்க அடச்சிட்டு மூணு மாசமா நோட்டு எழுதிக்கினு இருந்தியா?” அவ்வளவுதான், மாமாவுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. நிற்க முடியாமல் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்துவார், அப்பாவைப் பார்ப்பார், மறுபடி ஆரம்பிப்பார். டிராக்டர்காரருக்குக் கன்னடத்தில் விளக்கிச் சொன்னார். அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய மாமா சிரித்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. மைன்ஸ் மூடியபின் மாமா அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அம்மா சிரிக்கவில்லை. அப்பா கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சரி, பேச்சு பேச்சுதான். நின்னா விக்கணும்னு சொன்ன. நின்னுடுச்சி.”

“எங்க நின்னுச்சி அண்ணா?” என்றாள் அம்மா. “தட்டுல பூ சரியுது, கொஞ்சம் ஓரம் கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“இன்னாது? நான் முன்னாலதானே உக்காந்துகினு இருந்தேன்?”

“நீ தூங்கிக்கினு இருந்த.”

மாமா வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் அவர் கேஜ் கதையின் முக்கியமான இடத்தில் இருந்தார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் அம்மா முகத்தில் என்ன கண்டாரோ, திறந்த வாயை மூடிக்கொண்டார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பென்சில் தொலைந்ததற்கு ஒரு பொய் சொன்னதற்காகப் போன வாரம்தான் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தேன். இப்போது அப்பா ஒரு பொய் சொன்னார், அம்மா ஒரு பொய் சொன்னாள், இரண்டும் பட்டப்பகலில், ஐந்து நிமிஷ இடைவெளியில். உலகத்திலேயே சிரமமான ஒரு கோளாறை என் அப்பா தன்னந்தனியாகக் கண்டுபிடித்திருந்தார். என் பங்கும் அதில் இருந்தது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய நேரத்தில் அதை ராகிக் கொல்லைக்குள் சுண்டி எறிந்துவிட்டார்.

பூதிகோட்டையில் மாமா விருந்து பரிமாறினாரோ இல்லையோ, அந்தக் கதையை இலை இலையாகப் பரிமாறினார். தமிழில் சொன்னார், தெலுங்கில் சொன்னார், சமையல்காரருக்காக மறுபடி கன்னடத்தில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அப்பா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு பாயசம் குடித்தார். மறுநாள் விடியற்கால ரயிலில் கதை பெங்களூர் போனது. சாயங்கால ரயிலில் திரும்பி வந்து ஃபேக்டரிக்குள்ளும் நுழைந்தது. அப்பாவுக்கு ‘மூடி சார்’ என்று பெயர் விழுந்தது. ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்ட பிறகு பேசிய ஒருவர்கூட அதைச் சொல்லாமல் விடவில்லை. அப்பா ஒருமுறைகூடத் திருத்தவில்லை. சோப்பைப் பற்றி அவரும் அம்மாவும் பேசி நான் கேட்டதும் இல்லை.

அன்று மாலை பூதிகோட்டையிலிருந்து கிளம்பும்போது, மாமா வழக்கம்போல முன்கதவைத் திறந்தார். அம்மா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். மாமா கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சாப்பாட்டு மயக்கத்தில் உடனே குறட்டை விடத் தொடங்கினார். கார் பன்னிரண்டைத் தாண்டியது. பதினைந்தையும் தாண்டியது. யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அழுகை அடங்கவில்லை. ஜெயித்த அன்றைக்கே அப்பாவை எல்லோருமாகச் சேர்ந்து தோற்கடித்துவிட்டார்கள், அம்மாவும் அதில் கூட்டு என்று நினைத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டே வந்தேன். முன் சீட்டில் இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை. அப்பாவின் தோளும் அம்மாவின் தோளும் மட்டும் விடாமல் குலுங்கிக்கொண்டிருந்தன. பின்னால் எங்களுக்கு அவ்வளவு குலுங்கவில்லையே, முன் சக்கரத்துப் பக்கம் ரோடு ரொம்ப மோசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.